மூடி திறந்த நாள்

நார்வேயின் வடக்கே லோஃபோட்டன் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. குளிர்காலத்தின் பின்பாதியில் காட் மீன்கள் முட்டையிடக் கூட்டங்கூட்டமாக அங்கே வந்து சேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை அங்குள்ள மீனவர்கள் மீனைக் கிழித்து ஈரலைத் தனியே எடுத்து மரப் பீப்பாய்களில் போட்டுவைப்பார்கள். வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். ஈரல் அழுக அழுக எண்ணெய் கசிந்து மேலே மிதக்கும். முதலில் மொண்டெடுப்பது வெளிர் மஞ்சள். இன்னும் சில வாரம் விட்டால் இளம்பழுப்பு. கடைசியில் மிஞ்சிய சக்கையைக் காய்ச்சி இறக்கினால் கரும்பழுப்பாக, மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கும் ஓர் எண்ணெய் வரும். இந்தக் கடைசி ரகம் பெரும்பாலும் தோல் பதனிடப் போயிற்று. மற்றவற்றை மருந்தென்று நம்பி ஐரோப்பா முழுக்கக் குடித்தார்கள். டி யோங் என்ற டச்சு மருத்துவர் 1840களில் இளம்பழுப்பு எண்ணெய்தான் உசத்தி என்று வாதிட்டு, அதைத் தன் பெயரிலேயே விற்கவும் செய்தார்.

பீட்டர் மோலர் என்ற நார்வே மருந்தாளர் 1853இல் வேறு வழி கண்டார். மீன் கரைக்கு வந்தவுடன் புது ஈரலை எடுத்து, நீராவியால் இளஞ்சூடாக வேகவைத்து, எண்ணெயை உடனே பிரித்துவிட்டார். கிடைத்த எண்ணெய் தெளிவாக இருந்தது. வாடையும் மிகக் குறைவு. அழுகலுக்கும் காற்றுக்கும் அவர் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மீன் எண்ணெய் என்றாலே நாறத்தான் செய்யும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். இன்றும் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். அந்த நாற்றம் மீனுடையது அல்ல, எண்ணெயின் வயதுடையது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

மீன் சந்தையின் கவிச்சி வேறு, மீன் எண்ணெயின் வாடை வேறு. முதலாவதற்குக் காரணம் டிரைமெத்திலமின் என்ற சேர்மம். மீன் செத்தபின் அதன் சதையில் பாக்டீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன. இது காரத்தன்மை உள்ளது, நீரில் கரைவது. புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ மீனை அலசும்போது அமிலம் இதோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது, கவிச்சி அடங்குகிறது. எண்ணெயின் வாடைக்குக் காரணமானவை ஆல்டிஹைடுகள். அவை எண்ணெயிலேயே கரைந்து கிடப்பவை. புளியும் எலுமிச்சையும் அவற்றை ஒன்றும் செய்யாது. எலுமிச்சை மணம் சேர்த்த மீன் எண்ணெய் விற்கிறார்களே என்றால், அந்த மணம் வாடையை மறைக்கத்தான் முடியும், எடுக்க முடியாது.

இந்த ஆல்டிஹைடுகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க, மூலக்கூறின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மீன் எண்ணெயை நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டு கொழுப்பு அமிலங்களுக்காக. ஈ.பி.ஏ. என்பதில் 20 கார்பன்கள், 5 இரட்டைப் பிணைப்புகள். டி.எச்.ஏ. என்பதில் 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் கார்பன் தொடர் வளைகிறது. வளைந்த தொடர்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது என்பதால், கடுங்குளிரிலும் இந்தக் கொழுப்பு உறையாமல் ஓடும். கடலின் நுண்பாசிகள் இவற்றைத் தயாரிக்கின்றன. பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக நெத்திலிக்கும் மத்திக்கும், அவற்றைத் தின்னும் பெருமீன்களுக்கும் போய்ச் சேர்கின்றன. குளிர்ந்த நீரில் மீனின் செல்சவ்வுகள் விறைத்துப் போகாமல் இருப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மூளையிலும் விழித்திரையிலும் டி.எச்.ஏ. நிறைந்திருக்கிறது.

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கும். அவற்றின் பிடிமானம் மிகத் தளர்வு. சூரியகாந்தி எண்ணெயின் லினோலிக் அமிலத்தில் இப்படி ஓர் இடம்தான். ஈ.பி.ஏ.வில் 4, டி.எச்.ஏ.வில் 5. கெட்டுப்போகும் வேகமும் ஏறத்தாழ இந்தக் கணக்கிலேயே ஏறுகிறது. ஒளியோ வெப்பமோ, இரும்பு, செம்பு போன்ற உலோகத்தின் துளியளவோ ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் போதும். அந்த வெற்றிடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. ஆக்சிஜன் ஒட்டிய மூலக்கூறு பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னை நிறைத்துக்கொண்டு பெராக்சைடு ஆகிறது. இழந்த பக்கத்து மூலக்கூறு அதே வேலையை அடுத்ததிடம் செய்கிறது. இப்படியே போகிறது. பெராக்சைடுகளுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. பிற்பாடு அவை உடைந்து சிறு துண்டுகளாகும்போது பிறப்பவைதான் ஆல்டிஹைடுகள். அவற்றில் சில, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும்.

ஆகவே, வாடை வரும் நேரத்தில் சேதம் பழையதாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெயில் வைட்டமின் ஈ இருக்கும்; இயல்பாகக் கொஞ்சம், தயாரிப்பாளர் சேர்ப்பது கொஞ்சம். சிலர் ரோஸ்மேரி இலைச் சாறும் சேர்ப்பார்கள். கிளம்பும் வினைகளைத் தம்மேல் வாங்கிக்கொண்டு இவை அடக்கிவிடுகின்றன. அடக்க அடக்கத் தாமும் தீர்ந்துகொண்டே வருகின்றன. தீரும்வரை எண்ணெயில் பெரிய மாற்றம் தெரியாது. தீர்ந்தபின் சேதம் சட்டென்று எகிறும். நேற்றுவரை நன்றாக இருந்த எண்ணெய் ஒரே வாரத்தில் காறிப்போகிறதென்றால் காரணம் இதுதான். வெயிலில் ஒரு நாள் கிடந்த புட்டியைத் திரும்பக் குளிரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவதும் இதனால்தான் பலிப்பதில்லை. செலவான வைட்டமின் ஈ செலவானதே.

நல்லெண்ணெயோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். நல்லெண்ணெயிலும் லினோலிக் அமிலம் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது. அதன்படி பார்த்தால் சீக்கிரம் காற வேண்டும். ஆனால் எள்ளிலேயே செசமால் போன்ற காப்புப் பொருள்கள் உண்டு. அவற்றின் தயவில் அது சமையலறை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கிறது. மீனின் உடம்பிலும் காவல் உண்டு. உயிருள்ள செல்லில் வைட்டமின் ஈ புதுப்பிக்கப்படுகிறது, நொதிகள் பெராக்சைடுகளைத் துப்புரவு செய்கின்றன. எண்ணெயாகப் பிழிந்து புட்டியில் ஊற்றிய கணத்தில் அந்தக் காவல் முழுதும் போய்விடுகிறது.

காற்று என்ன செய்யும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1922. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்காலம் என்ற உயிர்வேதியியலாளர் வேண்டுமென்றே காட் ஈரல் எண்ணெயைக் கெடுத்தார். எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் மணிக்கணக்கில் ஆக்சிஜனைக் குமிழவிட்டார். பிறகு அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்ல எண்ணெய் இரண்டு காரியம் செய்யும்: கண் வறண்டு கெடும் நோயைத் தீர்க்கும், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயையும் தீர்க்கும். கெடுத்த எண்ணெய் கண்ணுக்கு உதவவில்லை, எலும்புக்கு மட்டும் உதவியது. ஈரல் எண்ணெயில் இருப்பது ஒரு சத்தல்ல, இரண்டு என்று அதிலிருந்து தெரிந்தது. ஆக்சிஜனுக்குப் பலியானது வைட்டமின் ஏ. தாக்குப்பிடித்ததுதான் வைட்டமின் டி. மெக்காலம் ஆய்வகத்தில் வேகமாகச் செய்ததைத்தான் மூடி சரியாகப் போடாத புட்டி மெதுவாகச் செய்கிறது.

எவ்வளவு காற்று இருந்தால் கெடும்? ஒரு கணக்குப் போடுவோம். 200 மில்லிலிட்டர் புட்டி, பாதி தீர்ந்திருக்கிறது. மேலே 100 மில்லிலிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 21 மில்லிலிட்டர், எடையில் சுமார் 28 மில்லிகிராம். கீழே மிஞ்சிய எண்ணெய் ஏறத்தாழ 92 கிராம். அந்த ஆக்சிஜன் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து பெராக்சைடு ஆகிவிட்டால், எண்ணெயில் எவ்வளவு பெராக்சைடு என்று காட்டும் பெராக்சைடு மதிப்பு 18க்கு மேல் ஏறும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2017இல் மீன் எண்ணெய்க்கு வகுத்த உச்சவரம்பு 5. ஆகப் புட்டிக்குள் அடைபட்ட காற்று மட்டுமே எண்ணெயை மூன்று மடங்குக்கு மேல் வரம்பு தாண்டவைக்கப் போதும். நாமோ தினம் ஒருமுறை மூடியைத் திறந்து அந்தக் காற்றைப் புதுப்பிக்கிறோம்.

இதனால்தான் கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையோ வீரியமோ அல்ல, புட்டியின் அளவு என்கிறேன். தினம் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி எடுத்தால் 200 மில்லிலிட்டர் புட்டி 40 நாளில் தீரும். 500 மில்லிலிட்டர் புட்டி 100 நாள் இழுக்கும். கடைசி மாதத்தில் அதில் எண்ணெயைவிடக் காற்றுதான் அதிகம். பெரிய புட்டி வாங்கினால் லாபம் என்ற கணக்கு பருப்புக்கும் அரிசிக்கும் சரி. மீன் எண்ணெயை மருந்து என்று நினைக்காமல் பாலைப் போல நினைத்துக்கொள்வது நல்லது: தீரும் அளவுக்கு மட்டும் வாங்கி, குளிரில் வைத்து, சீக்கிரம் முடித்துவிடுவது.

அடுத்து, அது எந்த எண்ணெய் என்பது. ஈரல் எண்ணெயும் உடல் எண்ணெயும் ஒன்றல்ல. உலகச் சந்தையில் உடல் எண்ணெய் பெருமளவு பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் ஒருவகை நெத்திலியிலிருந்து வருகிறது. மீனை முழுசாக வேகவைத்து, பிழிந்து, சுழற்றிப் பிரித்து, பின் பல கட்டமாகச் சுத்திகரிக்கிறார்கள். அதில் பொதுவாக 18 விழுக்காடு ஈ.பி.ஏ., 12 விழுக்காடு டி.எச்.ஏ. இருக்கும். வைட்டமின் ஏ, டி ஏதும் சொல்லும்படி இராது. காட் ஈரல் எண்ணெயிலோ ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 4,500 அலகு வைட்டமின் ஏ, 450 அலகு வைட்டமின் டி இருக்கும். 4,500 அலகு என்பது 1,350 மைக்ரோகிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 3,000 மைக்ரோகிராம் என்பதால் பெரியவர்களுக்கு இடமிருக்கிறது. ஆனால் 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்த உச்சவரம்பு 600 மைக்ரோகிராம்தான். பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோமே என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு முழுத் தேக்கரண்டி ஊற்றினால், வரம்பைப்போல இரு மடங்கு உள்ளே போகிறது. கருவுற்ற பெண்கள் ஈரல் எண்ணெயைத் தொடவே கூடாது; மிகுதியான வைட்டமின் ஏ கருவின் உறுப்புகள் உருவாவதையே பாதிக்கக்கூடியது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. சில நிறுவனங்கள் இப்போது வைட்டமினைக் குறைத்து அளவுபடுத்தி விற்கின்றன; ஆகவே புட்டிக்குப் புட்டி சீட்டைப் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் காட் எண்ணெய் வரத்து நின்றது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் அரசு மீன்வளத் துறை சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. சுறா ஈரலில் வைட்டமின் ஏ ஏராளம். ஆனால் ஈ.பி.ஏ.வுக்கும் டி.எச்.ஏ.வுக்கும் சுறா எண்ணெயை நாடுவதில் பொருளில்லை. பழைய நினைவில் அதைத் தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மீன் எண்ணெயின் மொத்த அளவு. நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்: ஒரு வேளைக்கு ஈ.பி.ஏ. எத்தனை மில்லிகிராம், டி.எச்.ஏ. எத்தனை மில்லிகிராம், அந்த ஒரு வேளை என்பது எத்தனை மில்லிலிட்டர். மேலே சொன்ன 18க்கு 12 எண்ணெயில் ஒரு தேக்கரண்டி 4.6 கிராம் வரும். அதில் இரண்டும் சேர்ந்து சுமார் 1,380 மில்லிகிராம். மருந்துக்கடையில் விற்கும் மஞ்சள் குளிகையில் 1,000 மில்லிகிராம் எண்ணெய்க்கு இவை இரண்டும் சேர்ந்து 300தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நலமாக உள்ள வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் போதும் என்கிறது. அதன்படி கால் தேக்கரண்டியே தாராளம். வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பில் போட்டுச் சாப்பிடுகிற வீட்டில் இந்தப் புட்டிக்கே வேலையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதயத்துக்கு இது காப்பு என்ற பேச்சு 1970களில் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களை ஆராய்ந்த பாங், டையர்பெர்க் என்ற இரு டேனிஷ் மருத்துவர்களிடமிருந்து தொடங்கியது. பிறகு நடந்த பெரிய சோதனைகள் அந்த உற்சாகத்தைத் தணித்துவிட்டன. 25,871 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2018இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில், தினம் 1 கிராம் எண்ணெய் எடுத்தும், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது அவை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதிக அளவு எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் வாய்ப்பு கூடுவதும் வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தத் தொகுதி எண்ணெயின் டோடாக்ஸ் மதிப்பு என்ன? பெராக்சைடு மதிப்பை இரண்டால் பெருக்கி, அதோடு ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பைக் கூட்டினால் வருவது டோடாக்ஸ். கோடெக்ஸ் வரம்பு 26. அனிசிடின் மட்டும் 20. இரண்டும் ஏன் வேண்டும் என்றால், பெராக்சைடு முதலில் ஏறி, பின் உடைந்து தானே இறங்கிவிடும். மிகப் பழைய எண்ணெயில் பெராக்சைடு மட்டும் பார்த்தால் புத்தெண்ணெய் என்றே தோன்றும். அதன் ஆல்டிஹைடு காட்டிக்கொடுக்கும். நல்ல நிறுவனங்கள் தொகுதி எண்ணைச் சொன்னால் சோதனைச் சான்றிதழை அனுப்பிவைக்கின்றன. தயங்குகிறவர்களிடம் வாங்காதீர்கள். மணம் சேர்த்த எண்ணெயில் ஒரு சிக்கல் இருக்கிறது: எலுமிச்சையின் சிட்ரால், வெனிலாவின் வெனிலின் எல்லாமே ஆல்டிஹைடுகள். அவை அனிசிடின் சோதனையைக் குழப்பி மதிப்பை உயர்த்திக் காட்டும். அப்போது மணம் சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவைக் கேட்க வேண்டும். இந்தியாவில் விற்கும் புட்டியில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாததைத் தள்ளிவிடலாம். ஆனால் அது இருப்பதாலேயே எண்ணெய் புதிது என்று ஆகிவிடாது.

2015இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அந்நாட்டுக் கடைகளிலிருந்து 32 மீன் எண்ணெய்ப் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். சீட்டில் சொன்ன அளவு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இருந்தது மூன்றில் மட்டும். பெரும்பாலானவை பெராக்சைடு வரம்பைத் தாண்டியிருந்தன. தொழில்துறை இதை மறுத்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியப் பொருள்களைச் சோதித்த வேறொரு குழு, அளவுகள் சரியாகவே இருப்பதாகச் சொன்னது. ஆக நாட்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ நம்பிப் பயனில்லை. அந்தந்தத் தொகுதியின் எண்தான் பேசும்.

காறிய எண்ணெய் உடம்பை என்ன செய்யும்? நார்வேயில் நலமானவர்களுக்கு ஏழு வாரம் நாளொன்றுக்கு 8 கிராம் ஆக்சிஜனேறிய எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவுகோல்களில் உடனடிக் கேடு எதுவும் தெரியவில்லை. எலிகளில் கதை வேறு. கருவுற்ற எலிகளுக்கு மிகவும் கெட்ட எண்ணெய் கொடுத்தபோது, பிறந்த குட்டிகள் அதிகமாகச் செத்தன. நல்லதுக்கென்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிற நமக்கு, உடனே கேடில்லை என்பது போதுமான ஆறுதல் ஆகாது.

இங்கேதான் திரவ எண்ணெய்க்கு என் வாக்கு. குளிகைக்குள் என்ன இருக்கிறதென்று நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமலே அது வயிற்றுக்குள் போய்விடும். திரவம் நம்மைச் சோதிக்க விடுகிறது. ஒரு வேளையைக் கரண்டியில் ஊற்றி, மணம் பாருங்கள். புது எண்ணெயில் கடல் மணம் லேசாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை, நெடி, விழுங்கியபின் தொண்டைக் கமறல், நாக்கில் நெடுநேரம் தங்கும் கசப்பு இவற்றில் எது இருந்தாலும் அதைக் கொட்டிவிடலாம். குளிகை சாப்பிடுகிறவர்களும் புட்டி திறந்த அன்று ஒன்றைக் கடித்து உடைத்துப் பார்ப்பது நல்லது.

முகரும்போது கரண்டியைத்தான் முகர வேண்டும், புட்டியின் வாயை அல்ல. மூடியின் மரையிலும் கழுத்திலும் வழிந்து நிற்கும் எண்ணெயை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டும். சில வாரத்தில் அது மஞ்சள் பிசுக்காக, நகத்தால் சுரண்ட வேண்டிய படலமாகவே இறுகியிருக்கும். மெல்லிய பூச்சாகக் காற்றில் விரிந்துகிடப்பதால் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு மாதங்களில் நேர்வது அதற்கு நாள்களில் நேர்ந்துவிடுகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிவிடுகின்றன. மேற்குக் கரையில் மரப் படகுகளுக்கு மத்தி எண்ணெய் பூசியதும் இந்த இறுகும் குணத்துக்காகத்தான். கார் துடைக்கும் ஷாமாய் தோலைப் பதப்படுத்துவதும் இதே வினையே: காட் எண்ணெயைத் தோலில் ஊறவைத்துக் காற்றுப் படவிட்டால் பிறக்கும் ஆல்டிஹைடுகள் தோலின் புரதங்களைக் கட்டிப்போடுகின்றன. புட்டியைத் திறந்ததும் குப்பென்று வரும் வாடை பெரும்பாலும் இந்தக் கழுத்துப் பிசுக்கினுடையது. அதை வைத்து உள்ளிருப்பதைப் பழிக்க வேண்டாம். ஆனால் விட்டுவைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை ஊற்றியபின்னும் வாயைச் சுத்தமான தாளால் துடைத்து மூடினால் மூடி இறுக்கமாகவும் பொருந்தும்.

புட்டி பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் வழியே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். கண்ணாடியில் அது நடக்காது. ஒளி பட்டால் நிலைமை இன்னும் மோசம். எண்ணெயில் நிறமிகளின் சுவடு இருந்தால் அவை ஒளியை வாங்கி ஆக்சிஜனை வேகமான வேறொரு வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்த வடிவம் இரட்டைப் பிணைப்பை நேராகத் தாக்கும், முதல் ஹைட்ரஜன் கழல்வதற்குக்கூடக் காத்திருக்காது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், கடைவிளக்குக்கு நேராக வரிசையாக நிற்கும் வெள்ளைப் புட்டிகளை நான் வாங்க மாட்டேன்.

வெப்பம் 10 பாகை ஏறினால் இந்த வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 4 பாகைக் குளிர்பெட்டிக்கும் 34 பாகை அறைக்கும் இடையே எட்டு மடங்கு வித்தியாசம். அறை வெப்பம் சென்னையில் மே மாதம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. இணையத்தில் வரவழைக்கிறவர்கள் கோடையில் அதைத் தவிர்த்து, குளிர்சாதன வசதியுள்ள கடையில் நேரில் வாங்குவது மேல். வண்டியின் பின்பெட்டியில் அந்தப் புட்டி எத்தனை மதியங்கள் வெந்தது என்று எந்தச் சீட்டும் சொல்லாது. வீட்டில் திறக்காத புட்டியையும் குளிர்பெட்டியில் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பம் ஏறி இறங்கும். உள்ளே, பின்பக்கம் வையுங்கள். எடுத்ததும் ஊற்றிக்கொண்டு உடனே மூடித் திருப்பி வைத்துவிட வேண்டும். மேசையில் திறந்தபடி நின்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்சுவரில் நீர்த்துளி பூக்கும். ஈரக் கரண்டியும் கூடாது. கரண்டியில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றக் கூடாது. வாணலியில் ஊற்றித் தாளிப்பதோ சூடான குழம்பில் கலப்பதோ மெக்காலம் செய்ததையே செய்வதாகும்.

குளிரில் சில எண்ணெய் கலங்கலாகும், வெள்ளையாகத் திரியும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அதிலிருக்கும் நிறைவுற்ற கொழுப்பு உறைந்து படிகமாகிறது, வேறொன்றுமில்லை. அறை வெப்பத்தில் சில நிமிடத்தில் தெளியும். அந்தக் கொழுப்பை ஆலையிலேயே குளிரவைத்து வடிகட்டிய எண்ணெய்தான் குளிர்பெட்டியிலும் பளிங்காக நிற்கிறது. கலங்குவதால் தரம் குறைவு என்று பொருளில்லை.

முடிவுத் தேதி என்பது திறக்காத புட்டிக்குச் சொன்னது. திறந்துவிட்டால் அந்தத் தேதியை மறந்துவிடலாம். திறந்த நாளை மார்க்கரால் புட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். அங்கிருந்து இரண்டு மாதம், நிறுவனம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அந்தக் கணக்கு. சைவர்கள் வாங்கும் பாசி எண்ணெய்க்கும் இதே விதிதான், டி.எச்.ஏ. மீனிலிருந்து வந்தாலும் பாசியிலிருந்து வந்தாலும் ஆக்சிஜனுக்கு ஒன்றுதான்.

கெட்டுப்போன எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குழாயில் பிசினாக ஒட்டும். மூடியை இறுக்கிப் புட்டியோடு குப்பையில் சேர்த்துவிடலாம். எண்ணெய் கொட்டித் துடைத்த துணியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் போக வழியில்லாமல் உள்ளேயே கூடும். மீன் தூளில் மிஞ்சிய எண்ணெய் இப்படிச் சூடேறியே கப்பலின் சரக்கறைகளில் தீப்பிடித்திருக்கிறது. அதனால்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்க்காத மீன் தூளைப் பன்னாட்டுக் கப்பல் விதிகள் தானே தீப்பற்றக்கூடிய சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஒரு கரண்டி எண்ணெய்க்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஒரு புட்டியே உடைந்து பழந்துணியால் துடைத்திருந்தால், துணியைச் சோப்புநீரில் ஊறவைத்து அலசி, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.